போர்டில் ஏறாத கணக்கு

பெரியம்மா வீட்டுப் பரணில் ஒரு மஞ்சள் பைக்குள் அண்ணனின் தொடை ராடு கிடக்கிறது. 2012-இல் உள்ளே போய் 2014-இல் வெளியே வந்தது. ஓட்டப்பிடாரம் சுற்றுவட்டாரத்தில் அநேக வீடுகளில் இப்படி ஒரு ராடோ பிளேட்டோ உண்டு. நகையை அடகு வைத்துப் போட்ட கம்பியைத் தூக்கி எறிய யாருக்கு மனசு வரும்? ராடு போட்டால் ஒன்றிரண்டு வருஷத்தில் எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும். (எல்லா ராடையும் எடுத்தே ஆக வேண்டும் என்று எலும்பு டாக்டர்கள் சொல்வதில்லை, அது வேறு விஷயம்.) டீக்கடையில் போய் உட்கார்ந்தால், "என்னப்பா, ராடு எடுத்தாச்சா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அண்ணனையும் கேட்டார்கள். அவரும் தூத்துக்குடிக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்தார். அதே விபத்தில் அவர் வயிற்றுக்குள் போன இன்னொரு கம்பியைப் பற்றிக் கேட்க டீக்கடையில் ஒருவரும் இல்லை. ஆஸ்பத்திரியிலும் இல்லை.

அண்ணன் என்றது பெரியம்மா மகனை. கரிமூட்டத் தொழில். மழை பொய்த்த வருஷங்களில் கரிசல்காட்டுக்கு வேலிக்கருவேலந்தான் கஞ்சி ஊற்றும். விறகை அடுக்கி, கூளம் போட்டு, மேலே ஈரமண் பூசி மூடி, தீ வைத்து, எந்தப் பக்கம் புகை வருகிறது என்று ராப்பகலாகக் காத்துக் கிடக்கிற வேலை அது. வெந்த கரியை மூட்டை பிடித்து லாரியில் ஏற்றுவதும் அவர்கள்தான். 2012 தை மாதம் குறுக்குச்சாலைக்குப் பக்கத்தில் லோடுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் மேலடுக்கிலிருந்து கீழே விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. மண்டைக்குள் கொஞ்சம் ரத்தக்கசிவு. 108 வந்து தூக்கிக்கொண்டு போனது.

நான் அப்போது சவூதியில் தம்மாமில் நர்ஸ் வேலையில் இருந்தேன். போனில் மதினி சொன்னது இவ்வளவுதான்: "கால்ல ராடு வெச்சிருக்காக. நடுவுல கால் வீங்கிச்சு, அதுக்கும் என்னமோ செஞ்சாக. இப்பத் தேவல."

அந்த 'என்னமோ' என்ன என்பது ஏழு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்தபின் பழைய காகிதங்களையெல்லாம் வாங்கிப் புரட்டினேன். வைத்தியத்தில் தப்பு கிடையாது. எலும்பு முறிந்து அசையாமல் கிடந்தவருக்குத் தொடைச் சிரையில் ரத்தம் உறைந்துவிட்டது. அந்தக் கட்டி பிய்ந்து இதயத்தைத் தாண்டி நுரையீரல் குழாயில் போய் அடைத்தால், பேசிக்கொண்டிருக்கிற ஆள் பேச்சு முடியுமுன் போய்விடுவார். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வழக்கமாக ஹெபாரின் ஊசி போட்டு, கட்டி மேற்கொண்டு வளராமல் பார்ப்பார்கள். மண்டைக்குள் கசிவு இருக்கிறவருக்கு அதைப் போட்டால் கசிவு பெருகும். ஊசி போட்டாலும் ஆபத்து, போடாவிட்டாலும் ஆபத்து. இந்த நிலைமைக்குத்தான் ஐ.வி.சி. ஃபில்டர். கால்களிலிருந்தும் அடிவயிற்றிலிருந்தும் ரத்தத்தை மேலே கொண்டுபோகிற கீழ்ப்பெருஞ்சிரைக்குள், சிறுநீரகச் சிரைகள் வந்து சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மெல்லிய கம்பிக்கால்கள் விரிந்த ஒரு கூம்பை நிறுத்துவார்கள். கழுத்துச் சிரை வழியாகவோ தொடைச் சிரை வழியாகவோ ஒரு குழாயை விட்டு உள்ளே விரித்துவிட்டு வந்துவிடலாம். கத்தி வேண்டாம், தையலும் வேண்டாம். ரத்தம் போகும், பெரிய கட்டி மாட்டிக்கொள்ளும்.

இதற்கு முன்பெல்லாம் பெருஞ்சிரையையே கட்டிவிடுவார்களாம். உயிர் தப்பும், கால் இரண்டும் வீங்கிப் புண்ணாகும். 1967-இல் காஜி மொபின் உத்தின் என்கிற அறுவைச் சிகிச்சை நிபுணர் குடை வடிவில் ஒன்றைச் செய்தார். அதுவும் பல பேருக்குச் சிரையை முழுக்க அடைத்துவிட்டது. 1973-இல் வந்த கிரீன்ஃபீல்டு ஃபில்டரின் கதை எனக்குப் பிடித்தது. லாசர் கிரீன்ஃபீல்டு அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் சர்ஜன். அங்கே பூமிக்கடியில் எண்ணெய். எண்ணெய்க் குழாய்களுக்கான கருவிகள் செய்துகொண்டிருந்த கார்மன் கிம்மல் என்பவரோடு அவர் உட்கார்ந்து பேசியிருக்கிறார். குழாயில் வரும் கசடைப் பிடிக்க வேண்டும், எண்ணெய் ஓட்டமும் நிற்கக் கூடாது. அதற்கு அவர்கள் வைத்திருந்த வடிவம் கூம்பு. கூம்பின் உயரத்தில் 70 சதவீதம் வரை கட்டி நிறைந்தாலும் சுற்றிலும் பாதி வழி திறந்தே கிடக்கும். கணக்குத் தெரிந்தவர்கள் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

பழையவை போட்டால் போட்டதுதான். பிறகுதான் தலையில் கொக்கி வைத்து, வேலை முடிந்ததும் கழுத்து வழியே சுருக்குக் கம்பியை விட்டு எடுத்துவிடுகிற மாதிரி ஃபில்டர்கள் வந்தன. எடுக்கலாம் என்று வந்த பிறகு டாக்டர்கள் தயங்காமல் போட ஆரம்பித்தார்கள், எடுப்பதோ அந்த அளவுக்கு நடக்கவில்லை. 2010 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விட்டது. 2005-இலிருந்து தங்களுக்கு வந்த கெடுதல் புகார்கள் 921 என்று அதில் சொன்னார்கள். ஃபில்டர் இடம் மாறியது 328, துண்டு கழன்று ரத்தத்தோடு போனது 146, சிரையைக் குத்தித் துளைத்தது 70, கம்பி முறிந்தது 56. ஆபத்து நீங்கியதும் எடுத்துவிடுங்கள் என்று போட்டவருக்கும், பிறகு பார்த்துக்கொள்கிற டாக்டருக்கும் சேர்த்தே சொன்னார்கள். 2014-இல் நாள் கணக்கும் சொன்னார்கள்: நுரையீரல் அடைப்பு ஆபத்து நீங்கிவிட்டால், போட்ட 29-ஆம் நாளிலிருந்து 54-ஆம் நாளுக்குள் எடுப்பது நல்லது. எச்சரிக்கை வந்த பிறகுதான் அண்ணனுக்கு ஃபில்டர் போனது. எடுக்கிற வகை ஃபில்டர்தான் அது.

டிஸ்சார்ஜ் காகிதம் மூன்று பக்கம். ராடைப் பற்றி ஒரு பத்தி, தலைக் காயத்துக்கு ஒரு பத்தி. ஃபில்டருக்கு ஒரு வரி, அதுவும் இரண்டாம் பக்கத்து அடியில்: போடப்பட்டது, பின்னர் மறுபரிசோதனை. எப்போது, யாரிடம் என்று இல்லை. எலும்பு டாக்டர் எலும்பைப் பார்த்தார். நரம்பு டாக்டர் மண்டையைப் பார்த்தார். ஃபில்டர் போட்டவர் அவர்கள் கூப்பிட்டதால் வந்து, நன்றாகவே போட்டுவிட்டுப் போனவர். மூன்று பேரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். கசிவு நின்றபின் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் எழுதியிருந்தார்கள். அதற்கு ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும்; ஒவ்வொரு முறையும் தூத்துக்குடிக்குப் பஸ். ஒரு நாள் கூலி போகும். சில மாதத்தில் பரிசோதனை நின்றது, பிறகு மாத்திரையும் நின்றது. 2014-இல் ராடு எடுக்கும்போது தொடையைத்தான் எக்ஸ்-ரே எடுத்தார்கள். வயிறு படத்தில் விழவில்லை.

2019-இல் நான் ஊர் திரும்பி மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி தியேட்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு ஒரு வருஷமாக மேல்வயிற்றில் வலி. முதுகுக்கும் பாயும். சாப்பிட்டால் கூடும், சில நாள் வாந்தி. அல்சர் என்று மாத்திரை, கேஸ் என்று சூரணம், கோவில்பட்டியில் ஒரு இடத்தில் முதுகெலும்புத் தேய்மானம் என்று பெல்ட். ஆள் பாதியாகிவிட்டார். மதினி போன் பண்ணி அழுததும், எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழியாக வருகிற பஸ்ஸில் ஏற்றிவிடச் சொன்னேன்.

வயிற்று எக்ஸ்-ரேயைப் பெட்டியில் வைத்ததும் எல்லாரும் ஒரு நிமிஷம் பேசவில்லை. முதுகெலும்புக்கு வலப்பக்கம் ஆறு கம்பிகள், மேலே ஒரு முனையில் கூடி, கீழே விரிந்து நின்றன. விரிந்த அகலம் சிரையின் அகலத்தைவிட அதிகம் என்பது படத்திலேயே தெரிந்தது. சி.டி. எடுத்தோம். கூம்பு சாய்ந்து, கொக்கி சிரைச் சுவருக்குள் புதைந்திருந்தது. ஒரு கால் முன்சிறுகுடலுக்குள். ஒன்று மகாதமனியின் வெளிச்சுவரை ஒட்டி. ஒன்று முதுகெலும்பை நோக்கி. மற்றவை சிரைக்குள்ளேயே இருந்தன. கம்பி எதுவும் முறியவில்லை என்பது ஒரு ஆறுதல். முறிந்த துண்டு இதயத்துக்குள் போய்ச் சேர்ந்து, நெஞ்சைத் திறக்க வேண்டியதாகிப்போன கதைகள் உண்டு.

படத்தைக் காட்டி நான்தான் அண்ணனுக்கு விளக்கினேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "கம்மா மடையில முள்ள வெச்சு மீன மறிப்போம்லா, அது மாதிரி. சரி, மீனு பிடிச்சு முடிஞ்சா முள்ள உருவணும்ல தாயி? இல்லாட்டிச் செத்தையும் சகதியும் சேர்ந்து மடையே தூர்ந்துபோவும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பிரான்சில் 400 நோயாளிகளைச் சேர்த்து நடத்தி 1998-இல் வெளியிட்ட ஆய்வு கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. ஃபில்டர் போட்டவர்களுக்கு ஆரம்ப நாட்களில் நுரையீரல் அடைப்பு குறைவாக இருந்தது. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் காலில் மறுபடி ரத்தம் உறைந்தது போட்டவர்களில் 20.8 சதவீதம், போடாதவர்களில் 11.6. இறப்பில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை.

முதலில் கழுத்து வழியாகவே முயன்றார்கள். சுருக்குக் கம்பி கொக்கியைத் தேடித் தேடிச் சுவரில் வழுக்கியது. கொக்கியின் மேல் ஏழு வருஷத் தழும்பு மூடியிருந்தது. இப்படி ஒட்டிப்போனதைச் சுரண்டி விடுவிக்க லேசர் முனை வைத்த குழாய்கள் உண்டு. அமெரிக்காவில் 2021 டிசம்பரில்தான் இந்த வேலைக்கென்று அனுமதி கிடைத்தது. எங்களிடம் அது இல்லை. ரேடியாலஜி டாக்டர் அதிகம் இழுத்துப் பார்க்காமல் நிறுத்திக்கொண்டார். நிறுத்தத் தெரிந்தவர் கையில் அண்ணன் அகப்பட்டது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். குடலில் ஒரு முனை, தமனியோரம் ஒரு முனை என்று இருக்கும்போது வலித்து இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. வயிற்றைத் திறப்பதென்று முடிவானது.

ரத்தக்குழாய் டாக்டரும் குடல் டாக்டரும் சேர்ந்து செய்தார்கள். நான் ஸ்க்ரப் பண்ணுகிறேன் என்றேன். "உங்க அண்ணன்னா வேண்டாம்மா, வெளிக்கணக்கைப் பாருங்க" என்றார் சீஃப். அதாவது கை கழுவி மேஜையருகே நிற்கிற நர்ஸ் வேறு. கேட்கிற சாமானை எடுத்துக் கொடுத்து, சுவரிலிருக்கிற வெள்ளைப் போர்டில் கணக்கெழுதுகிறவள் நான். மயக்க மருந்து டாக்டர் ஊரைக் கேட்டார். ஓட்டப்பிடாரம் என்றதும், "வ.உ.சி. ஊரா?" என்றார். அண்ணன், "அவுக வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி" என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார்.

நடு வயிற்றை நெடுகத் திறந்தார்கள். பெருஞ்சிரை லேசில் முகம் காட்டாது. வலப்பக்கப் பெருங்குடலை ஒட்டிலிருந்து விடுவித்து, முன்சிறுகுடலையும் தூக்கி, இரண்டையும் இடப்பக்கமாகப் புரட்ட வேண்டும். இந்தக் கட்டம்தான் அன்றைக்கு நேரத்தைத் தின்றது. கம்பி குத்திய இடத்தில் குடலும் சிரையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டித்திருந்தன. நல்ல சிரை நீலம் பூத்து, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும். இங்கே நெடுக வெள்ளைத் தழும்பு. பொதுவாக ஜனங்கள் தமனியைக் கண்டுதான் பயப்படுவார்கள். தியேட்டரில் நிற்கிறவர்களுக்குச் சிரைதான் பயம். தமனி பொத்தால் பீறிடும், இடம் தெரியும், விரலை வைக்கலாம். சிரை கிழிந்தால் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் ரத்தம் தேங்கும். கிளாம்ப் போடப் போனால் இன்னும் கிழியும்.

அதனால் ஃபில்டர் பக்கமே போகாமல் முதலில் அதற்கு மேலும் கீழும் சிரையைச் சுற்றி டேப் போட்டார்கள். சிறுநீரகச் சிரைகளுக்குக் கீழே ஒன்று. இரு கால்களின் சிரைகள் வந்து கூடுகிற இடத்துக்கு மேலே ஒன்று. முதுகுப் பக்கமிருந்து வந்து சேரும் சின்னக் கிளைகளை மறந்தால், இரண்டு முனையை இறுக்கியும் நடுவில் ரத்தம் வந்துகொண்டேயிருக்கும், அவற்றையும் பிடித்தார்கள். ஹெபாரின் 5000 யூனிட். அன்று மண்டையில் கசிவு என்று போட முடியாத அதே மருந்து. பிறகு மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் இறுக்கிப் பார்த்தார்கள். இறுக்கியதும் இதயத்துக்குத் திரும்புகிற ரத்தம் குறைந்து பிரஷர் இறங்கும். எவ்வளவு இறங்குகிறது, தாங்குவாரா என்று தெரிந்துகொள்ளத்தான். இறங்கியது, சலைன் ஏற்றியதும் நின்றது.

அப்புறம் குடலை அங்குலம் அங்குலமாகப் பிரித்தார்கள். இரண்டுக்கும் நடுவே கம்பி பளிச்சென்று தெரிந்தது. அதை நறுக்க வேண்டும். ரத்தக்குழாய் டாக்டரின் செட்டில் எத்தனையோ நுணுக்கமான கத்தரிகள் இருந்தும் கம்பி நறுக்குகிற கட்டர் கிடையாது. முந்தின நாளே எலும்புத் தியேட்டரிலிருந்து ஒன்றை வாங்கி ஆட்டோகிளேவ் பண்ணி வைத்திருந்தோம். நறுக்கிய நுனியைக் குடலிலிருந்து உருவி, ஓட்டையை இரண்டடுக்காகத் தைத்து, மேலே கொழுப்புத் திரையை இழுத்து மூடினார் குடல் டாக்டர். தமனியோரத்துக் காலை நறுக்கும்போது தையல் ஊசியைக் கோத்துத் தயாராக வைத்திருந்தார்கள். ரத்தம் வரவில்லை. சுவரை உரசியிருந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை.

மறுபடி இறுக்கி, சிரையை நீளவாக்கில் திறந்தார்கள். கொக்கியைத் தழும்போடு சேர்த்துச் செதுக்கி எடுத்து, கால்களை ஒரு குழாய்க்குள் சுருக்கி இழுத்தார்கள். வந்துவிட்டது. உள்ளே பழைய கட்டி கொஞ்சம் பாசி மாதிரி ஒட்டியிருந்ததை வழித்தார்கள். குடல் திறந்த வயிற்றில் செயற்கை ஒட்டு வைத்தால் சீழ் பிடிக்கும் என்று, சிரையை நேராகவே புரோலீன் நூலால் தைத்தார்கள். டேப்பைத் தளர்த்தியதும் சிரை மெல்ல நிறைந்தது.

"கணக்கு," என்றார் சீஃப்.

மாப், காஸ், ஊசி, கிளாம்ப், டேப். வயிறு மூடுமுன் ஒவ்வொன்றையும் இரண்டு பேர் வாய்விட்டு எண்ணி, போர்டில் எழுதியதோடு ஒத்துப்பார்க்க வேண்டும். ஒரு ஊசி குறைந்தாலும் மூட மாட்டார்கள். குப்பைக் கூடையைக் கொட்டித் தேடுவார்கள், எக்ஸ்-ரே எடுப்பார்கள். சீனியர் டாக்டர் கத்தினாலும் சின்ன நர்ஸ் "இன்னும் ஒண்ணு வரணும் சார்" என்று நிற்கலாம். அந்த ஒரு நேரத்தில் அதிகாரம் எங்களுக்கு. "ஃபில்டர் காலையும் எழுதும்மா" என்றார். எழுதினேன். தட்டில் கூம்பும் நறுக்கிய துண்டுகளும். துண்டுகளைச் சேர்த்து வைத்து எண்ணினால் ஆறு கால், ஒரு கொக்கி. போதாதென்று சி-ஆர்ம் வைத்து வயிற்றை ஒரு படமும் எடுத்தோம். சுத்தமாக இருந்தது.

ஒரு பஞ்சுத் துணிக்கு இத்தனை காவல் இருக்கிறது. உள்ளே போனது வெளியே வர வேண்டும். இருக்க வேண்டியது என்றால் இருக்கிறது என்று எழுத வேண்டும். 2012-இல் அண்ணனுக்கு ஃபில்டர் போட்ட இடத்திலும் வயர், குழாய் எல்லாவற்றையும் எண்ணித்தான் வெளியே எடுத்திருப்பார்கள். ஃபில்டர் மட்டும் 'உள்ளே விடப்பட்டது' என்று எழுதி முடிக்கப்பட்ட கணக்கு. ஒரு நாள் வெளியே வர வேண்டிய சாமான் அது. எங்கள் போர்டு முறைப்படி பார்த்தால் கணக்கு இன்னும் முடியவில்லை. நோயாளி வாசலைத் தாண்டியதும் போர்டை அழித்துவிடுகிறார்கள். அத்தனை பெரிய ஆபரேஷனை, இரண்டு டாக்டர்களின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 2012 மாசியிலோ பங்குனியிலோ யாராவது ஒரு போன் போட்டிருந்தால், கழுத்தில் ஒரு பிளாஸ்திரியோடு அண்ணன் மறுநாள் மூட்டத்துக்குப் புகை பார்க்கப் போயிருப்பார்.

அண்ணன் பிழைத்தார். குடல் தையல் ஆறும்வரை வாய்க்கு ஒன்றும் கொடுக்கவில்லை, மூக்கில் டியூப். சில மாதம் ரத்தம் உறையாத மாத்திரை, இந்தத் தடவை ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத வகை. காப்பீட்டு அட்டையை வைத்துக்கொண்டு மதினி ஏறி இறங்கிய படிகள் தனிக்கதை. மூட்டை தூக்குவதை விட்டுவிட்டார், மூட்டம் போடுகிற இடத்தில் கணக்குப்பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறார்.

அந்த மாதமே சீஃப் ஒரு நீள நோட்டு வாங்கி வரச் சொன்னார். ஃபில்டர் போடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பெயர், போட்ட தேதி, எடுக்க வேண்டிய தேதி, மூன்று போன் நம்பர். மூன்று ஏன் என்றால் எங்கள் பக்கத்து ஆட்கள் சிம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒன்று சொந்த நம்பர், ஒன்று மகனோ மருமகனோ, ஒன்று பலசரக்குக் கடை. எடுக்க வேண்டாம், உள்ளேயே இருக்கட்டும் என்று முடிவானால் அதையும் காரணத்தோடு எழுத வேண்டும். கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாமே என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். போட்டுக்கொள்ளுங்கள், நோட்டும் இருக்கட்டும் என்றார்.

தெற்குச் சீமை ஆட்களுக்குப் போன் போடுகிற வேலை என் தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறோம் என்றால் பணம் கேட்கத்தான் என்று வைத்துவிடுகிறார்கள்; நம்ம ஊர்ப் பேச்சு காதில் விழுந்தால் நின்று கேட்பார்கள். விளாத்திகுளம் பக்கம் ஒரு பெரியவருக்குப் போட்டேன். மருமகள்தான் எடுத்தாள். "மாமா காட்டுல இருக்காக. மிளகாப்பழம் எடுக்கோம்க்கா, இப்ப வரத் தோதுப்படாது. பங்குனி கழியட்டும், வாரோம்."

"பங்குனி கழிஞ்சா நாள் தாண்டிரும். ஒட்டிக்கிட்டா வயித்தக் கீறணும். மிளகாய நாலு நாள் விட்டா வத்தலாவும், அவ்வளவுதான?"

"செடியிலயே வத்துனா சோடையாப் போவும்க்கா," என்றாள். விவரமான பிள்ளை. கொஞ்ச நேரம் யாரிடமோ பேசுகிற சத்தம். "செவ்வாக்கிழம கூட்டியாறேன். சாயந்திரமே விட்ருவீகளா?"

விட்டுவிடுவார்கள் என்றேன். செவ்வாய்க்கிழமை காலை முதல் கேஸாக எடுத்தார்கள். கொக்கி நேராக நின்றது. சுருக்குக் கம்பி முதல் வீச்சிலேயே பிடித்துக்கொண்டது. நோட்டில் அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே கோடு போட்டு, தேதி எழுதி, கையெழுத்துப் போட்டேன். மருமகள் கொண்டுவந்திருந்த ஒரு பை மிளகாய் வற்றலை நர்ஸ்கள் பங்கு போட்டுக்கொண்டோம்.